ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியோடு இணைப்பா? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு கணக்கு

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் அங்கே ஏற்கெனவே இரண்டு கட்சி. வலை பழுது பார்க்கும் கொட்டகையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பேரூராட்சி ஆனால் தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் தானாக வந்துவிடும் என்றது ஒரு பக்கம். வரி கட்டியே ஓட்டாண்டி ஆவோம் என்றது மறுபக்கம். கடைசி வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த நூறு நாள் வேலை அட்டையை எடுத்து நீட்டி, "தம்பி, இது இருக்குமா, இருக்காதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

"ஊர் பேரூராட்சியானால் இருக்காது அக்கா" என்றேன். கொட்டகை அமைதியாகிவிட்டது.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால், சாயல்குடிப் பக்கமிருந்தும் உச்சிப்புளிப் பக்கமிருந்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள். 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்து, பல ஊர்களில் மறியல் நடந்த பிறகு இந்தக் கேள்விக்குச் சூடு ஏறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

## டெல்லியின் கை எதுவரை நீளும்?

நகர்ப்புறக் கொள்கை என்றதும் டெல்லியில் யாரோ நம் ஊர் வரைபடத்தில் கோடு போடுகிறார் என்று நினைக்கிறோம். அரசமைப்புச் சட்டப்படி நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சார்லஸ் கொரியா தலைமையிலான தேசிய நகரமயமாக்கல் ஆணையம் 1988இல் அறிக்கை கொடுத்தது. 1992இன் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தது. கிராமங்களுக்கு 73ஆவது திருத்தம் 29 இனங்களைக் கொடுத்தது. 2018இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் தேசிய நகர்ப்புறக் கொள்கைச் சட்டகம் என்று ஒன்றை வெளியிட்டது. பத்துக் கோட்பாடுகள், பத்துத் துறைகள், மாநிலங்கள் தத்தம் கொள்கையை எழுதிக்கொள்ளட்டும் என்ற அறிவுரை. யாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது இல்லை.

ஆனால் பணம் கட்டுப்படுத்தும். மத்திய அரசின் பணம் இரண்டு குழாய்களில் வருகிறது. ஒன்றின் மேல் 'ஊரகம்' என்றும் மற்றதன் மேல் 'நகர்ப்புறம்' என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் ஊர் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் உள்ள சொல், எந்தக் குழாய் உங்களுக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. கொள்கை நம் தெருவுக்கு வந்து சேரும் விதம் பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊரை நகரமாக எண்ண 5,000 பேர் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும். ஆண் உழைப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மீன்பிடித்தல் எந்தக் கணக்கு? 1961இலும் 1971இலும் வேளாண்மை அல்லாத தொழிலில் சேர்த்தார்கள். 1981இல் அதைத் தூக்கி வேளாண்மையோடு வைத்துவிட்டார்கள். கடலும் படகும் மாறவில்லை. ஊர் மட்டும் காகிதத்தில் மீண்டும் கிராமமாயிற்று.

## எதை வைத்து எடை போடுவது?

என்னிடம் வருகிறவர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்பேன். வேலையும் வீட்டுப் பணமும் என்ன ஆகும்? தண்ணீர் கூடுமா? வரி எவ்வளவு ஏறும்? ஏதாவது தப்பு நடந்தால் யாருடைய சட்டையைப் பிடிக்கலாம்? கரை யார் கையில் இருக்கும்? முதல் மூன்றை எல்லோரும் கேட்கிறார்கள், நான்காவதைச் சிலர். ஐந்தாவதை இதுவரை யாரும் தானாகக் கேட்டதில்லை. என் கணக்கில் அதுதான் முதலாவது.

## ஊராட்சியாகவே இருந்தால்

நூறு நாள் வேலை நீடிக்கும். அந்த ஊரகத் திட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் எப்படி மாறினாலும், ஊராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது. இந்தக் கரையில் அதன் மதிப்பை வெளியாட்கள் குறைத்து எடை போடுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும்போது, கருவாட்டுக்கும் மீன் இல்லை. பாசி எடுக்கவும் கடல் எப்போதும் விடாது. அப்போது கண்மாய் வெட்டும் கூலியில்தான் அடுப்பு எரியும். வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லமும் ஊரகத்துக்கு உரியது. வீட்டு வரி குறைவு.

குரலும் நேரடியானது. தலைவரை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னம் இல்லாமல். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதைப் பெரிதாகப் பேசுவதற்கு முன் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. தேர்தல் தள்ளிப்போகும்போது இந்த 'நேரடிக் குரல்' தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு குப்பைதான். தேவிபட்டினம், சேதுக்கரை, ஏர்வாடி போன்ற இடங்களில் அமாவாசைக்கோ சந்தனக்கூட்டுக்கோ வரும் கூட்டத்தைத் திட்டங்களின் மக்கள்தொகைக் கணக்கு காண்பதில்லை. அது ஊரில் குடியிருப்பவரை எண்ணும் கணக்கு. ஆனால் வந்தவர்கள் விட்டுப்போன துணி, பாட்டில், இலை எல்லாவற்றையும் ஊராட்சியின் நாலைந்து தூய்மைக் காவலர்கள்தான் அள்ளுகிறார்கள். ஒரு தை அமாவாசைக்கு மறுநாள் காலையில், நனைந்த வேட்டிகளைக் குச்சியால் இழுத்து இழுத்து மூன்று சக்கர வண்டியில் போட்டுக்கொண்டிருந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். "இதுவரை பதினோரு வண்டி" என்றார். அப்போது மணி எட்டுதான்.

## தனிப் பேரூராட்சி ஆனால்

நம் மாவட்டத்தில் தொண்டி, மண்டபம், சாயல்குடி போன்றவை இந்த வகை. கையில் வருவது: செயல் அலுவலர், கொஞ்சம் தூய்மைப் பணியாளர், நகர்ப்புற நிதி. 2021இல் தொடங்கிய அம்ருத் என்ற மத்திய அரசு நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் சட்டப்படி நகரமான எல்லா ஊர்களையும் குடிநீருக்காகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. லாட்ஜும் ஓட்டலும் பெருகிக் கழிவுநீர் தெருவில் ஓடத் தொடங்கிவிட்ட ஊருக்கு இது நியாயமான வழி.

தண்ணீரைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. ஊரகத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், நகரத்துக்கு 135 லிட்டர் என்று மேடையில் சொல்வார்கள். அந்த 135 பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு. அது இல்லாமல் குழாய்த் தண்ணீர் மட்டும் உள்ள ஊருக்கு நிர்ணயம் 70. அதையும் விடுங்கள். இந்தக் கரையில் ஊராட்சிக் குழாயும் பேரூராட்சிக் குழாயும் பெரும்பாலும் அதே காவிரிக் கூட்டுக் குடிநீரைத்தான் நம்பியிருக்கின்றன. குழாயின் வால்முனையில் இருக்கிற ஊருக்குப் பெயர்ப்பலகை மாறியதால் அழுத்தம் கூடாது. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் என் உறவினர் வீட்டில் தங்கிய நாளிலும், தள்ளுவண்டிக்காரரிடம் குடம் பத்து ரூபாய்க்குத்தான் வாங்கினோம்.

போவது என்ன? முதலில் ஊரக வேலை. மாற்றாக 2021-22இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 100 கோடி ரூபாயில், தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் சோதனை முயற்சியாக வந்தது. ஊரக வேலையைப் போல ஒவ்வோர் ஊரும் உரிமையோடு கேட்டு வாங்கக்கூடியதல்ல. அடுத்தது வரி. 15ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்தால்தான் நகர்ப்புற மானியம் என்றது. 2022 ஏப்ரலில் பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். காலிமனைக்கும் வரி உண்டு. இது இருபுறமும் வெட்டும் கத்தி: வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டு முள் மண்டவிட்ட மனைகள் நிறைய உள்ள ஊரில், அந்த வரி ஊருக்கு நல்ல வருமானம்.

நிலம் விற்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. பத்தாயிரத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகர்ப்புற எல்லைக்குள் வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அப்படிப்பட்ட எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்துக்கும் இதே கதி. ஊராட்சியாக இருந்தாலும் தப்ப முடியாது. பத்திரம் எழுதும் அன்று இதைக் கண்டுபிடித்துத் தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேரூராட்சிகளை வருமானத்தை வைத்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரிக்கிறார்கள். வருமானம் இல்லாத ஊர் அடிமட்டத்தில் தொடங்கும், பணியாளரும் அதற்கேற்பத்தான். சம்பளம், மின்கட்டணம் போக மிச்சம் என்ன என்று முதலில் போட்டுப் பாருங்கள். அரசே இந்தக் கணக்கில் ஒருமுறை பின்வாங்கியிருக்கிறது. 2004இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஊரக நிதி கிடைப்பதற்காகச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் மறுபடியும் பேரூராட்சிகளாக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் முத்திரைகளையும் பெயர்ப்பலகைகளையும் இரண்டு முறை மாற்றிய செலவை யார் கணக்கில் எழுதினார்களோ.

## நகராட்சியோடு இணைந்தால்

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் ஆகியவற்றின் விளிம்பில் உள்ள ஊர்களுக்கான கேள்வி இது; மற்றவர்கள் தாண்டிப் போகலாம். பேரூராட்சியைவிடப் பெரிய பொறியியல் பிரிவு, குப்பை லாரி, பெரிய திட்டங்களில் பங்கு ஆகியவை கிடைக்கும். வீடுகள் தொடர்ந்து, எந்தத் தெருவில் ஊராட்சி முடிகிறது என்று தபால்காரருக்கே தெரியாத நிலை வந்துவிட்டால், தனியாக நிற்பதில் பொருளில்லை.

விலை குரலில் இருக்கிறது. கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் தலா 21 வார்டுகள். எல்லை விரிந்து வார்டுகளைத் திருத்திப் பிரித்தாலும், சேர்கிற ஊருக்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும். தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். கிராம சபைக்குப் பதிலாகப் பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது, இன்னும் பல இடங்களில் அதன் பெயரே மக்களுக்குப் பழகவில்லை. புதிதாகச் சேரும் ஊரில் காலி நிலம் இருக்கும். நகராட்சியிடம் இடமில்லாத குப்பை இருக்கும். இரண்டும் சந்தித்துக்கொள்ள அதிக நாள் ஆகாது. இணைப்புத் தீர்மானத்துக்கு முன்பே குப்பைக் கிடங்கு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகைக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வை நகராட்சிப் பகுதிப் பள்ளி மாணவர்கள் எழுத முடியாது என்பதையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்கள் மனத்தில் வைக்கட்டும்.

| | ஊராட்சி | பேரூராட்சி | நகராட்சி இணைப்பு |
|---|---|---|---|
| ஊரக வேலை | உண்டு | போகும் | போகும் |
| கனவு இல்லம் | உண்டு | இல்லை | இல்லை |
| வரி | குறைவு | கூடும், காலிமனைக்கும் | கூடும், காலிமனைக்கும் |
| தண்ணீர் | 55 லிட்டர் கணக்கு | 70 லிட்டர் கணக்கு, அதே குழாய் | நகராட்சியின் இருப்பைப் பொறுத்தது |
| குப்பை | ஊரே அள்ள வேண்டும் | ஓரளவு ஆள் உண்டு | வண்டி வரும், கிடங்கும் வரலாம் |
| தலைவர் தேர்வு | மக்கள் நேரடியாக | கவுன்சிலர்கள் வழியாக | கவுன்சிலர்கள் வழியாக |

கரையை இந்தக் கட்டங்களில் அடைக்க முடியவில்லை.

## கரை யார் கையில்?

2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கரையை வகை பிரிக்கிறது. ஊரகக் கரை மூன்றாம் மண்டலம். அதிலும் 2011 கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருங்கி வாழும் ஊரென்றால், உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை கட்டடத் தடை. நெருக்கம் குறைந்த ஊரென்றால் 200 மீட்டர் வரை. இரண்டாம் மண்டலம் என்பது நகராட்சி எல்லையோ சட்டப்படி அறிவித்த வேறு நகர்ப்புறமோ ஆகி, பாதிக்கு மேற்பட்ட மனைகளில் கட்டடம் எழும்பி, சாலை, வடிகால், குடிநீர் எல்லாம் அமைந்துவிட்ட கரை. அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகப் புதிதாகக் கட்டலாம்.

பேரூராட்சி ஆன மறுநாளே கரை இரண்டாம் மண்டலம் ஆகிவிடாது. கடலோர மேலாண்மை வரைபடத்தைத் திருத்த வேண்டும். கட்டட நெருக்கத்தைக் காட்ட வேண்டும். ஆனால் அந்த வாதத்துக்கு முதல் படிக்கட்டு 'நகர்ப்புறம்' என்ற சொல். ரிசார்ட்டுக்காக இடம் வாங்கிப் போட்டிருப்பவர், உங்கள் ஊர் பேரூராட்சி ஆக வேண்டும் என்று உங்களைவிட ஆர்வமாக இருந்தால், காரணத்தை இங்கே தேடுங்கள்.

அந்தக் கூட்டம் முடிந்த மாலை, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு கரையில் நடந்தேன். கையில் கிராம வரைபடத்தின் நகல். "இது கரைவலைப் பாடு, கரையில் நின்று வலை இழுக்கும் இடம்" என்று காலால் மணலில் ஒரு கோடு இழுத்தார். அதைத் தாண்டி நாட்டுப்படகு ஏற்றும் இடம். அதற்கும் மேலே, பனை ஓலை விரித்துக் கருவாடு காயவைக்கும் களம். சூடை மீன் வெள்ளி வெள்ளியாகக் கிடந்தது. வரைபடத்தைப் பார்த்தேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே புல எண். பக்கத்தில் ஒரே சொல்: புறம்போக்கு. திட்டம் எழுத உட்காரும் அலுவலர் பார்ப்பது இந்தக் காகிதத்தை. அவருடைய கண்ணுக்கு அந்தக் களம் சும்மா கிடக்கும் இடம். பூங்காவோ வாகன நிறுத்தமோ போடலாம் என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மீனவர் குடியிருப்பையும் அவர்களுடைய பொது இடங்களையும் கடலோர வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று இதற்கு முந்தைய 2011 கடலோர அறிவிக்கையே சொன்னது. நம் ஊரின் பாடும் களமும் அதில் ஏறியிருக்கிறதா என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

## பலகையை மாற்றாமல் திட்டம் வாங்கலாமா?

வாங்கலாம். பலரும் பலகையையும் திட்டத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி, ஊராட்சியை ஊராட்சியாகவே வைத்துக்கொண்டு ஓர் உள்ளூர்த் திட்டப் பகுதிக்குள் சேர்க்க முடியும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வந்தால் எது குடியிருப்பு, எது வணிகம், எது மீன்பிடி நிலம் என்று வரையறை இருக்கும். வரைவின் மீது ஆட்சேபணை சொல்ல அவகாசமும் தருவார்கள். வேலை அட்டை இடுப்பிலேயே இருக்கும். இதற்கும் விலை உண்டு: மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் விதி இறுகும், வரைபடத்தில் தவறாக நிறம் பூசிவிட்டால் அதை மாற்ற அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால்: மீன்பிடியும் ஊரக வேலையும் சேர்ந்து அடுப்பெரிக்கும் ஊர்கள், வாலிநோக்கம் முதல் தொண்டிக்கு வடக்கு வரை பெரும்பாலானவை, ஊராட்சியாகவே இருந்து இந்த நான்காவது வழியைப் பிடிக்கலாம். யாத்திரிகர் கூட்டம் ஆண்டு முழுவதும் நிற்கிற, லாட்ஜ் வரியும் கடை வாடகையும் வரக்கூடிய ஊர், பேரூராட்சி கேட்பது நியாயம். கேட்கும் முன் களத்தையும் கரைவலைப் பாட்டையும் வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும். இணைப்பு, தெருக்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்ட ஊருக்கு மட்டும்.

அவசரமும் இல்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிர்வாக எல்லைகளை உறையவைத்துவிட்டார்கள். கணக்கெடுப்பு முடியும் வரை அசையாது. அதற்குள் வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்பட நகல் வாங்குங்கள். கரைவலைக்காரர், படகுக்காரர், கருவாட்டுப் பெண்கள், பாசி எடுப்பவர் என்று வகைக்கு இருவரை அழைத்துக்கொண்டு, நீர் வற்றும் நேரத்தில் ஒரு முறையும் ஏறும் நேரத்தில் ஒரு முறையும் கரையை நடந்து அளந்து, புல எண் வாரியாக எழுதி, கிராம சபைத் தீர்மானமாகப் பதிந்து, மாவட்ட ஆட்சியருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

வேலை அட்டையைக் காட்டிய அக்காவின் வீடு களத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அளக்கும் அன்று கயிற்றின் ஒரு முனையை அவர் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.